காலபோகத்துக்கு எந்த நெல்லைப் போடுவது?

காலபோகம் என்பது மாரிமழையோடு செய்யும் பெரும்போகம். புரட்டாதி பிறந்தால் கிளிநொச்சியில் எங்கள் முரசுமோட்டைப் பக்கம் எல்லோரும் கேட்பது, "இந்த முறை என்ன நெல்லு போடுறியள்?" நான் திருப்பிக் கேட்பது, "எப்ப விதைக்கப் போறியள்?"

முதலில் நெல்லின் வயதை, விதைப்பிலிருந்து அறுப்பு வரையான காலத்தைப் பாருங்கள். இனத்தின் எண்ணிலேயே அது ஏறக்குறையத் தெரியும். பீ.ஜீ. 250 இரண்டரை மாதம், பீ.ஜீ. 300 மூன்று மாதம், பீ.ஜீ. 352, ஏ.ரி. 362 இரண்டும் மூன்றரை மாதம். வன்னியில் பெருமழை நவம்பரிலும் டிசம்பரிலும். கதிர் முற்றும் நாள் அந்த மழைக்குள் விழக்கூடாது. ஒக்டோபர் தொடக்கத்தில் விதைப்பவர் மூன்றரை மாத நெல்லை எடுங்கள். மழை பிந்தி, விதைப்பு நவம்பர் நடுவுக்குப் போனால் மூன்று மாத நெல் சரி.

2018இல் நான் இதைக் கவனிக்கவில்லை. செப்டெம்பர் கடைசியில் புழுதியில் பீ.ஜீ. 300 விதைத்தேன். டிசம்பர் 21 இரவு மழை கொட்டியது, இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்தது, பள்ளக்காணியில் பழுத்த பயிர் அப்படியே சேற்றில் படுத்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மணிக்கு மணி நுனியில் வெள்ளை முளை. அரை ஏக்கரை மாட்டுக்கு விட்டேன்.

அப்புறம் மண். பூநகரிப் பக்கம் உவர் ஏறும் வயலென்றால் ஏ.ரி. 354 தாங்கும். குளத்துத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காணிக்குப் பழைய நாட்டு நெல்லான மொட்டைக்கறுப்பனை இன்னும் நம்பலாம். ஆனால் அது உயர்ந்து வளரும் நெல், யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும். போன போகம் எரிபந்த நோய் விழுந்த வயலில் அதே நெல்லைத் திரும்பப் போடாதீர்கள்.

இனம் முடிவானாலும் விதையைச் சோதிக்காமல் மூடையை வண்டியில் ஏற்றாதீர்கள். நூறு மணியை எண்ணி ஒரு இரவு ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வையுங்கள். சாக்கு காயவிடக் கூடாது. ஒரு வாரத்தில் பிரித்து எண்ணுங்கள். எண்பத்தைந்துக்குக் குறைந்தால் நான் அதை விதைக்கு எடுப்பதில்லை. இன்னொரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் பரப்பி, வால் நீண்ட மணி கிடக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். அது பன்றி நெல் என்கிற களை நெல்லாக இருக்கும். அறுவடைக்கு முன்பே கொட்டி, அடுத்த போகத்துக்கும் மண்ணுக்குள் காத்திருக்கும். இரண்டு மணி அகப்பட்டாலும் அந்த மூடை எனக்கு வேண்டாம்.