கஃபுவைப் பார்த்து ரைட் பேக் ஆடப் பழகுங்கள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கால்பந்து ஆடுகிற தம்பிகளுக்கு முன்னால் நின்று கோல் அடிக்கும் ஃபார்வர்டு ஆடத்தான் ஆசை, வலது ஓரத்தில் தடுத்து ஆடும் ரைட் பேக் என்றாலே முகம் சுருங்கிவிடும். பிரேசிலின் கஃபு அந்த இடத்தில் ஆடித்தான் 1994, 1998, 2002 என அடுத்தடுத்து மூன்று உலகக் கோப்பை இறுதியாட்டங்களில் இறங்கினார்.

முதலில் 2002 இறுதியாட்டத்தை முழுசாகப் பாருங்கள், ஹைலைட்ஸ் போதாது. பந்தை விட்டுவிட்டு வலது ஓரத்தில் அவரை மட்டும் கவனியுங்கள். அவர் அவ்வளவு தைரியமாக ஏறியதற்குக் காரணம், பின்னால் லூசியோ, எட்மில்சன், ரோக்கே ஜூனியர் என்று மூன்று பேர் காவலுக்கு நின்றதுதான், அந்தக் காவல் இல்லாமல் நீங்களும் ஏறினால் உங்கள் பக்கம் காலியாகிவிடும், அதனால் ஏறுவதற்கு முன்பே நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக்கிடம் பேசி வையுங்கள்.

அப்புறம் ஓட்டம். காலையில் வெயில் ஏறுவதற்குள் நம் கோல் முன்னால் இருக்கும் பாக்ஸிலிருந்து எதிரணியின் கோல் கோடு வரை ஓடி, ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்பும் கிராஸ் போட்டு, நிற்காமல் திரும்பி ஓடி வாருங்கள். என்னைக் கேட்டால் கிராஸைவிட அந்தத் திரும்பும் ஓட்டம்தான் முக்கியம்.

பெஞ்சில் உட்கார வைத்தாலும் உடம்பைச் சூடாக வைத்திருங்கள். 1994 இறுதியாட்டத்தில் பிரேசிலின் ரைட் பேக் ஜோர்ஜினோ காயம்பட்டதும் முதல் பாதியிலேயே உள்ளே போனவர் கஃபு.