பிரிட்டனிலிருந்து இரவுக் கப்பலில் நெதர்லாந்து: குடும்பத்தோடு ஒரு வார இறுதிப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

வெள்ளிக்கிழமை மாலை பிரிட்டனில் கப்பலேறி, உறங்கி எழுந்து, சனிக்கிழமை காலை நெதர்லாந்தில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு, அன்றிரவே மீண்டும் கப்பலேறி ஞாயிறு காலை வீடு திரும்பிவிட முடியும். இரண்டு இரவுகளும் கப்பலிலேயே கழிவதால் விடுதிச் செலவு இல்லை. பெட்டிகளை எடைபோடும் தொல்லையும் இல்லை. ஆனால் விளம்பரத்தில் கண்ட கட்டணத்தை மட்டும் பார்த்துப் பதிவு செய்தவர்களுக்கு, நகரத்தில் கழிக்க உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது பெரும்பாலும் அங்கே போய் இறங்கிய பிறகுதான் உறைக்கிறது. ஆகவே, கப்பலில் என்னென்ன வசதிகள் உண்டு என்று ஆராய்வதற்கு முன், அது உங்களை எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது, எத்தனை மணிக்குத் திரும்ப அழைக்கிறது என்பதைப் பாருங்கள். மற்ற முடிவுகளெல்லாம் அதைப் பொறுத்தவை.

வடகடலைக் கடந்து நெதர்லாந்துக்குச் செல்லும் இரவு வழித்தடங்கள் மூன்று. நியூகாசிலிலிருந்து எய்மாய்டனுக்கு டிஎஃப்டிஎஸ் நிறுவனமும், ஹல்லிலிருந்து ராட்டர்டாம் துறைமுகத்தின் யூரோபோர்ட் பகுதிக்குப் பி அண்ட் ஓ நிறுவனமும், ஹார்விச்சிலிருந்து ஹுக் ஆஃப் ஹாலந்துக்கு ஸ்டெனா லைன் நிறுவனமும் கப்பல்களை இயக்குகின்றன. ஹல்லிலிருந்து பெல்ஜியத்தின் ஸீப்ரூகாவுக்குச் சென்ற இரவுக் கப்பல் 2021 ஜனவரியோடு நின்றுவிட்டதால், அந்த வழியில் புரூஷ் நகருக்குப் போகலாம் என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம்.

நியூகாசில் வழித்தடம் ஆம்ஸ்டர்டாம் என்ற பெயரில் விற்கப்படுகிறது. கப்பல் மாலை 5 மணியளவில் புறப்பட்டு, மறுநாள் காலை 9.45 மணியளவில் எய்மாய்டனை அடைகிறது. எய்மாய்டன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் உள்ள தனி ஊர். கப்பலை விட்டு இறங்கி, கடவுச்சீட்டுச் சோதனையை முடித்து, நிறுவனம் ஏற்பாடு செய்யும் பேருந்தில் ஏறி நகர மையத்தைச் சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். திரும்பும் கப்பல் மாலை 5.30 மணியளவில் கிளம்புவதால், பிற்பகல் மூன்று மணி முதலே பேருந்து நிறுத்தத்தின் மீது ஒரு கண் இருக்க வேண்டும். ஆக, கையில் எஞ்சுவது ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதிலும் பசிக்கும் கழிப்பறைக்கும் குழந்தைகள் கேட்கும் நேரம் தனி.

ஹார்விச் வழித்தடத்தின் கணக்கு வேறு. இரவு 11 மணிக்குப் புறப்படும் கப்பல் காலை 8 மணிக்கு ஹுக் ஆஃப் ஹாலந்தை அடைகிறது. திரும்பும் கப்பல் இரவு 10 மணிக்குக் கிளம்பி, காலை 6.30 மணிக்கு ஹார்விச் வந்து சேர்கிறது. துறைமுகத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் பழைய ரயில்பாதை மெட்ரோவாக மாற்றப்பட்ட பிறகு, பி தடத்தில் ஏறினால் வண்டி மாறாமலேயே ராட்டர்டாமின் நடுவில், முக்கால் மணி நேரத்துக்குள், இறங்கிவிடலாம். பிரிட்டன் பக்கத்திலும் ஹார்விச் இன்டர்நேஷனல் ரயில் நிலையம் கப்பல் முனையத்தோடு ஒட்டியிருக்கிறது; லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலும் கப்பலும் சேர்ந்த ஒரே பயணச்சீட்டும் கிடைக்கிறது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு, ஹார்விச் எட்டும் தொலைவில் இருந்தால், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆம்ஸ்டர்டாமின் நான்கு மணி நேரத்துக்கு எதிரே ராட்டர்டாமில் ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. ஹல் வழித்தடத்தின் நேரங்களும் வசதியானவையே; எனினும் யூரோபோர்ட் முழுக்க முழுக்கச் சரக்குத் துறைமுகப் பகுதி, அங்கே ரயிலோ மெட்ரோவோ இல்லை. சொந்தக் காரில் செல்பவர்களுக்கு அது பொருந்தும். நடைப்பயணிகள் நகரத்துக்கான பேருந்தை உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

எந்த வழியானாலும், அறிவிக்கப்படும் நேரம் துறைமுகம் இருக்கும் நாட்டின் நேரம் என்பதையும், நெதர்லாந்து பிரிட்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. காலை ஆறரை மணிக்கு எழுப்பும் அறிவிப்பு ஒலித்தால், குழந்தையின் உடம்புக்கு அது ஐந்தரை மணி.

ஆவணங்களில்தான் பலருடைய திட்டம் கவிழ்கிறது. நான்கு மணி நேரம் மட்டுமே தரையில் இருப்பதானாலும் ஷெங்கன் எல்லைக்குள் (நெதர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லைப் பகுதி) நுழைவதற்கான எல்லா விதிகளும் பொருந்தும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு, நுழையும் நாளன்று வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் முடிந்திராததாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதங்களுக்குச் செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். குழந்தைகளின் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு ஐந்தாண்டுக்கு மட்டுமே வழங்கப்படுவதால், பெற்றோருடையது செல்லுபடியாகும்போதே பிள்ளையுடையது காலாவதியாகியிருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. முதல்முறை செல்பவர்களிடம் முகப்படமும் கைரேகையும் பெறப்படும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் கைரேகை எடுப்பதில்லை. இதற்கு ஆகும் நேரத்தையும் மேலே சொன்ன நான்கு மணி நேரக் கணக்கிலிருந்தே கழிக்க வேண்டியிருக்கும்.

இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டோடு பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்குப் பதினைந்து நாள்களுக்கும் குறைவாக இருக்கும்போது விண்ணப்பித்தால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினோரு வயதுவரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். விசாச் செலவு கப்பல் செலவை நெருங்கிவிடும் குடும்பங்கள், ஒரே பகலுக்காக அதைச் செலவிடுவதைவிட நகரத்தில் ஓரிரு இரவுகள் கூடுதலாகத் தங்குவதே மேல் என்பது என் கருத்து. தாயோ தந்தையோ மட்டும் பிள்ளைகளை அழைத்துச் செல்வதானால், மற்றவரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழின் நகலையும் வைத்திருங்கள்.

அடுத்தது அறை. கேபின் ஆளுக்கு ஆள் விற்கப்படுவதில்லை. முழு அறையாக விற்கப்படுவதால், நான்கு படுக்கை கொண்ட ஒரே அறை குடும்பத்துக்குச் சிக்கனமாக முடியும். குளியலறையும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும். கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் கட்டணம் கொடுப்பதா என்று கேட்டால், இரவு 11 மணிக்குப் புறப்படும் கப்பலில் இருட்டைப் பார்க்கக் காசு கொடுப்பதில் பொருளில்லை. மாலை 5 மணிக்குப் புறப்படும் நியூகாசில் கப்பலில், குறிப்பாகக் கோடையில், அது தகும். சன்னலைவிட முக்கியமானது அறை எங்கே இருக்கிறது என்பது. கப்பலின் முன்முனையிலும் பின்முனையிலும் மேல்தளங்களிலும் ஆட்டம் அதிகம். நீளவாக்கில் நடுவிலும், தளங்களில் கீழேயும் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. மேல் படுக்கைக்கு ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும் என்பதால் சிறு குழந்தைகளைக் கீழே படுக்கவைத்து, பெரியவர்கள் மேலே ஏறிக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தொட்டில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.

காரோடு செல்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கப்பல் கிளம்பியதும் வாகனத் தளம் பூட்டப்பட்டுவிடும், காலையில் கரை சேரும்வரை காருக்குத் திரும்ப முடியாது. ஆகவே இரவுக்குத் தேவையான மருந்து, பால்மாவு, டயப்பர், மாற்றுடை, பல் துலக்கும் தூரிகை, கடவுச்சீட்டுகள், தொலைபேசியின் மின்னேற்றி ஆகியவற்றைத் தனிப்பையில் கட்டி, ஏறும்போதே தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். வாகனத்தின் எச்சரிக்கை ஒலியை அணைத்துவிட்டு, எந்தத் தளத்தில் எந்தப் படிக்கட்டின் அருகே நிறுத்தினீர்கள் என்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் பெட்டி வைத்த காராக இருந்தால் அதன் மொத்த உயரத்தை முன்பதிவிலேயே சரியாகக் குறிப்பிட வேண்டும்.

தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். நடுக்கடலில் உங்கள் கருவி கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அந்தக் கட்டணம் ஐரோப்பாவுக்கான வழக்கமான ரோமிங் திட்டங்களில் அடங்காது. கப்பல் புறப்படுவதற்கு முன்பே எல்லாக் கருவிகளையும், பிள்ளைகள் வைத்திருக்கும் டேப்லெட்டையும் சேர்த்து, விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள்.

தலைசுற்றலும் குமட்டலும் வருமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் உண்டு. ஹார்விச் தடத்தில் ஓடும் ஸ்டெனா ஹாலண்டிகா 240 மீட்டர் நீளமுள்ளது. ஆயினும் நவம்பர் முதல் மார்ச் வரை வடகடலில் புயற்காற்று சாதாரணம். நியூகாசிலில் டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் இருபுறமும் நீளும் கற்சுவர்களைக் கப்பல் தாண்டும் வரை ஏதும் தெரியாது. அதற்கப்பால்தான் தரையின் அசைவு காலுக்குத் தெரியத் தொடங்கும். அதற்கு முன்பே குழந்தைகளுக்கு எளிய உணவாகக் கொடுத்து முடித்துவிடுவது நல்லது. சின்னரிசின் போன்ற மாத்திரைகளைப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக எடுத்தால்தான் பயன் தரும். வயதுக்கேற்ற அளவை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கம் வந்துவிட்டால் கைபேசியை மூடிவைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பார்ப்பதும், இருட்டிவிட்டால் படுத்துவிடுவதும் உதவும்.

ஹார்விச்சில் கப்பல் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினாலும், அதற்குச் சில மணி நேரம் முன்பே ஏறவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இரவுணவை முனையத்துக்கு வருமுன்பே முடித்து, ஏறியதும் ஒரு சுற்று சுற்றிக் காட்டி, உயிர்காப்பு அங்கிகள் எங்கே இருக்கின்றன, கூடும் இடம் எது என்று கதவின் பின்புறமுள்ள வரைபடத்தில் காட்டிவிட்டு, கப்பல் நகர்வதற்கு முன்பே தூங்கவைத்துவிடுவதுதான் உத்தமம். புறப்படுவதைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். விட்டுக்கொடுத்தால் மறுநாள் பகல் முழுவதும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

நகரத்தில் என்ன பார்ப்பது? ராட்டர்டாமில் பி தட மெட்ரோவிலிருந்து பிளாக் நிலையத்தில் இறங்கினால், கட்டடக்கலைஞர் பீட் ப்ளாம் வடிவமைத்து 1980களில் கட்டப்பட்ட சாய்ந்த கனசதுர வீடுகள் கண்ணெதிரே நிற்கும். அவற்றுள் ஒன்றைக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று பார்க்கலாம். சுவர்கள் சரிந்திருப்பதால் அலமாரியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் தேடுவார்கள். படிகள் குறுகலும் செங்குத்துமானவை. தள்ளுவண்டியைக் கொண்டுபோக முடியாது. எதிரிலேயே 2014இல் திறக்கப்பட்ட மார்க்ட்ஹால் என்னும் குதிரைலாட வடிவச் சந்தை இருப்பதால் மழையானாலும் பகலுணவுக்குக் கவலையில்லை. 1940 மே 14 அன்று நடந்த குண்டுவீச்சில் பழைய நகர மையம் அழிந்துபோனதால்தான் இந்த ஊர் மற்ற டச்சு நகரங்களைப் போல இல்லாமல் இப்படி இருக்கிறது என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பருவகாலத்தில் எராஸ்மஸ் பாலத்தருகிலிருந்து நீர்ப்பேருந்தில் கிண்டர்டைக்குக்குப் போய், 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பத்தொன்பது காற்றாலைகளைப் பார்த்துத் திரும்பவும் நேரம் இருக்கும். பொதுப் போக்குவரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் வங்கி அட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆனால் ஒரே அட்டையில் இருவர் போக முடியாது, ஆளுக்கொரு அட்டை வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ் இலவசம்.

ஆம்ஸ்டர்டாமில் நான்கு மணி நேரத்துக்குள் பெரிய அருங்காட்சியகம் எதையும் திட்டமிடாதீர்கள். ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கான சீட்டு இணையத்தில் மட்டும், ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரங்களுக்குப் பிந்தைய நாள்களுக்காகத் திறக்கப்படுகிறது. கப்பல் தாமதமானால் அந்த நேரம் வீணாகும். மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள நீமோ அறிவியல் அருங்காட்சியகமோ, ஒரு கால்வாய்ப் படகுச் சுற்றோ, இரண்டில் ஒன்று போதும். நிலையத்தின் பின்புறமிருந்து அக்கரைக்குச் செல்லும் படகுகள் இலவசம் என்பதால், காலும் கையும் ஓய்ந்த பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை.

உணவு கொண்டுபோவதிலும் கட்டுப்பாடு இருக்கிறது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருள்களைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் எடுத்துச் செல்லக் கூடாது. சீஸ் வைத்த சாண்ட்விச்சையோ தயிர் டப்பாவையோ கப்பலிலேயே காலி செய்துவிட வேண்டும். குளிர்பதனம் தேவைப்படாத, முத்திரை பிரிக்காத குழந்தைப் பால்மாவுக்கு ஓர் அளவுக்குள் விலக்கு உண்டு. திரும்பும் வழியிலும் 2025 ஏப்ரல் 12 முதல் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பால் பொருள்கள் ஆகியவற்றைப் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை இருப்பதால், டச்சு சீஸ் கடையில் தாராளமாகச் சுவைத்துப் பாருங்கள், வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

தாமதம் நேர்ந்தால் பயணிக்கு உரிமைகள் உண்டு. புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றால், நிறுவனம் உணவு கொடுப்பதோடு, பணத்தைத் திரும்பப் பெறுவதா அல்லது வேறு கப்பலில் செல்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் அளிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் இருபத்து நான்கு மணி நேரம் வரையிலான பயணத்தில் மூன்று மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் சீட்டு விலையில் 25 விழுக்காடும், ஆறு மணி நேரத்துக்கு மேலானால் 50 விழுக்காடும் இழப்பீடு கோரலாம். மோசமான வானிலை காரணமென்றால் இந்த இழப்பீடு கிடையாது. வேறு காரணமென்றால், பயண நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் முறையிட வேண்டும் என்பதால், சீட்டையும் கேபின் அட்டையையும் தூக்கியெறிந்துவிடாமல் வைத்திருங்கள்.