‘வழங்கப்பட்ட உரிமை’ என்று எழுதாதீர்கள்: கூட்டாட்சியையும் பழங்குடிகளின் சுயநிர்ணயத்தையும் சேர்த்து ஆராய்வது எப்படி?

முனைவர் பட்ட ஆய்வின் முதல் இயலை என் நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. திருத்தங்கள் அதிகமில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் 11 இடங்களில் வட்டமிட்டிருந்தார்: ‘வழங்கப்பட்ட’. ‘அரசமைப்புச் சட்டத்தால் பழங்குடிகளுக்கு வழங்கப்பட்ட உரிமைகள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தேன். ஓரத்தில் இரண்டு கேள்விகள்: ‘யார் வழங்கியது? அதற்கு முன் அவர்களிடம் என்ன இருந்தது?’

இரண்டு நாள் அந்தப் பக்கத்தையே வைத்துக்கொண்டிருந்தேன். கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் கண் திறந்தது. பழங்குடிகளிடம் ‘ஏற்கெனவே உள்ள’ உரிமைகளை அது அங்கீகரிக்கிறது, உறுதிப்படுத்துகிறது. கொடுப்பதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. நானோ தமிழில் எழுதும்போது, என்னை அறியாமலே, அரசைக் கொடையாளி ஆக்கியிருந்தேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தத் தவறிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அதிகாரப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்

கூட்டாட்சி பற்றிய பாடநூல்கள் எல்லாம் இரண்டு நாற்காலிகளை வைத்துத்தான் பேசும்: மத்திய அரசு, மாநில அரசு. மூன்றாவதாக ஒரு மக்கள் தங்களுக்கென்று சட்டமும் ஆட்சிமுறையும் வைத்திருந்தார்கள் என்றால் அவர்களுக்கு அங்கே இடம் எது? விளக்கவுரைகளை எடுப்பதற்கு முன் மூலத்தைப் பாருங்கள்.

கனடாவின் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் 91ஆம் பிரிவு, மத்திய நாடாளுமன்றத்துக்கு உரிய பொருள்களை எண்ணிட்டு வரிசைப்படுத்துகிறது. 22ஆவது, கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை. 23ஆவது, பதிப்புரிமை. 24ஆவது, ‘இந்தியர்களும் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களும்’. 25ஆவது, குடியுரிமை அளிப்பும் அயல்நாட்டவரும். அந்தச் சட்டம் ‘இந்தியர்கள்’ என்று அழைக்கும் அந்த நாட்டின் முதல் குடிகள், பதிப்புரிமைக்கு அடுத்த எண்ணாக ஒரு வரியில் நிற்கிறார்கள். அதிகாரம் செலுத்துகிறவர்களாக அல்ல, அதிகாரம் செலுத்தப்படும் பொருளாக. இந்த ஒரு வரியைப் பற்றியே முழு ஆய்வேடு எழுதலாம்.

ஆஸ்திரேலியாவின் 51ஆம் பிரிவைப் படிக்கும்போது 1967ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்கு முந்தைய வாசகத்தையும் தேடி எடுங்கள். எந்த இனத்தவருக்கும் தனிச்சட்டம் இயற்ற மத்திய அரசுக்கு அதிகாரம் தந்த அந்த வரி, மாநிலங்களில் வாழும் தொல்குடிகளை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்திருந்தது. அமெரிக்காவில் வணிகம் பற்றிய விதி அயல்நாடுகள், மாநிலங்கள், பழங்குடிகள் என்று மூவரையும் ஒரே வாக்கியத்தில் அடுக்குகிறது. நாடுகளோடு சேர்த்து எண்ணியதா, அல்லது ஆளப்பட வேண்டியவர்களாக எண்ணியதா? 1831இல் உச்ச நீதிமன்றம் ‘உள்நாட்டுச் சார்பு நாடுகள்’ என்று சொல்லி இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியது. இந்தச் சிக்கல் இன்னும் அவிழவில்லை.

இந்தியாவில், மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணையின் மூன்று பட்டியல்களோடு நின்றுவிட்டால் எதுவும் பிடிபடாது. பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகம் பற்றிய ஐந்தாம், ஆறாம் அட்டவணைகளுக்குப் போக வேண்டும். ஆறாவது அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் மாநிலங்களின் தன்னாட்சி மாவட்ட மன்றங்களுக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தையே தருகிறது. ஐந்தாவதோ பெரும் பொறுப்பை ஆளுநரிடம் விடுகிறது. தமிழ்நாட்டில் பழங்குடிகள் இருக்கிறார்கள். ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை.

மாநில உரிமையும் பழங்குடி உரிமையும் ஒன்றல்ல

தமிழில் இத்துறைக்கு வருகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். மாநில சுயாட்சிக் கோரிக்கையைக் கேட்டு வளர்ந்தவள் நான். மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்து 1971இல் அறிக்கை தந்த இராஜமன்னார் குழுவின் பரிந்துரைகளைக் கல்லூரிக் காலத்திலேயே படித்தவள். ஆகவே, மத்திய அதிகாரம் குறைந்தால் கீழே இருக்கும் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணத்தோடுதான் ஆய்வுக்குள் வந்தேன். வழக்குகள் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டன.

அமெரிக்காவில் 1832ஆம் ஆண்டின் வொர்ஸ்டர் வழக்கில், செரோக்கி என்னும் பழங்குடிகளின் நிலத்துக்குள் தன் சட்டத்தைத் திணித்தது ஜார்ஜியா மாநிலம். அந்தச் சட்டம் அங்கே செல்லாது என்றது மத்தியின் உச்ச நீதிமன்றம். 2022இல் காஸ்ட்ரோ-ஹுவெர்ட்டா வழக்கில் அதே நீதிமன்றம் எதிர்த் திசையில் போனது. பழங்குடி நிலத்தில் பழங்குடி ஒருவருக்கு எதிராகப் பழங்குடி அல்லாதவர் செய்யும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்று 5-4 பெரும்பான்மையில் கதவைத் திறந்துவிட்டது. இரண்டையும் மாநில உரிமை என்ற ஒரே அளவுகோலால் அளந்தால் முடிவு தலைகீழாகும்.

சில்கோட்டின் என்னும் முதல் குடிகளின் வழக்கில் வந்த தீர்ப்பை (2014) எடுத்துக்கொள்ளுங்கள். 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பழங்குடி உரிமையை அறிவித்த கனடாவின் முதல் தீர்ப்பு என்று எல்லோரும் கொண்டாடுவது சரிதான். கடைசிப் பகுதியையும் படியுங்கள். உரிய நியாயம் காட்டினால் மாகாணச் சட்டமும் அந்த நிலத்தின் மேல் செல்லுபடியாகலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. முன்பக்கத்தில் கிடைத்ததில் எவ்வளவு பின்பக்கத்தில் போகிறது என்று கணக்குப் பார்க்காத ஆய்வாளர் பாதித் தீர்ப்பைத்தான் படித்திருக்கிறார்.

நம் நாட்டுச் சான்று பெசா சட்டம். ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் இந்த மத்தியச் சட்டம் 1996இல் வந்தது. அதைச் செயல்படுத்தும் விதிகளை மாநிலங்கள்தான் இயற்ற வேண்டும். மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் அவற்றை வெளியிட்டது 2022இல். இடையில் 26 ஆண்டுகள். தாமதம் யாருடையது என்று பெயர் சொல்லி எழுதக் கூச்சப்படாதீர்கள்.

இதனால் மத்திய அரசைக் காவலன் என்று எண்ணிவிடவும் கூடாது. ஒவ்வொரு வழக்கிலும் மூன்று தரப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்தச் சட்டத்தால் யாருக்கு நிலம், யாருக்கு வரி, யாருக்குக் குழந்தையின் மேல் பொறுப்பு?

இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

குழந்தை என்றது காரணத்தோடுதான். ஒப்பாய்வுக்கு நல்ல இணை வேண்டுமென்றால், குழந்தைகள் நலன் பற்றிய இரண்டு தீர்ப்புகளை எடுங்கள்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹாலண்ட் எதிர் பிராக்கீன் (2023), கனடா உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 9 அன்று அளித்த கருத்துரை. பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்த வரலாறு இரண்டு நாடுகளுக்கும் உண்டு. 1978ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் கனடியச் சட்டமும் அந்தக் காயத்துக்கான மருந்தாக வந்தவை. இரண்டையும் எதிர்த்த வாதங்கள் கூட்டாட்சியின் மொழியிலேயே வந்தன. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், கனடாவில் கியூபெக் மாகாணம். இரண்டு சட்டங்களும் தப்பின.

நான் செய்த முறை இது. ஒரு பெரிய தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்தேன். யார் எதிர்த்தார்கள், எந்த அதிகாரத்தை மேற்கோள் காட்டினார்கள், நீதிமன்றம் எதை ஏற்றது, எதைத் தொடாமல் விட்டது. முதல் மூன்றும் ஒரு மாலையில் நிரம்பிவிட்டன. நான்காவது கட்டத்துக்கு ஒரு மாதம் ஆனது. பிராக்கீனில் சமத்துவ உரிமை பற்றிய கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை. அதைக் கேட்கும் தகுதி மனுதாரர்களுக்கு இல்லை என்று ஒதுக்கியது. கனடாவில், 35ஆம் பிரிவு தன்னாட்சி உரிமையைக் காக்கிறதா என்ற தலைமைக் கேள்வியே முடிவு செய்யப்படவில்லை. நாடாளுமன்றம் அந்த உரிமையை உறுதிப்படுத்தியது செல்லும் என்று மட்டும் சொன்னார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தச் சட்டத்தின்படி, முதல் குடிகள் இயற்றும் குழந்தை நலச் சட்டம் மத்தியச் சட்டத்தின் வலிமையைப் பெற்றுத்தான் மாகாணச் சட்டத்தை வெல்கிறது. தன் சொந்தக் காலில் நின்று அல்ல. அடுத்த வழக்கு எங்கிருந்து வரும் என்பதை இந்த நான்காவது கட்டம்தான் காட்டும்.

தீர்ப்பின் முதல் பக்கத்தில் இருக்கும் கட்சிக்காரர்களின் பெயர்களையும் தாண்டிப் போகாதீர்கள். பிராக்கீனில் செரோக்கி, ஒனைடா, குயினால்ட், மொரோங்கோ, நவாஹோ ஆகிய பழங்குடி அரசுகள் தாமே வழக்கில் இணைந்தன. அவர்களின் மனுக்களைப் படித்த பிறகு, அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள். வரிசை மாறக் கூடாது.

எப்படிக் கேட்டார்கள் என்பதும் சட்டம்தான்

டெல்கமுக் வழக்கு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1987 முதல் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கிட்க்ஸன் மக்கள் தங்கள் நில உரிமைக்குச் சான்றாக ‘அதாவக்’ என்னும் குல வரலாறுகளைச் சொன்னார்கள். அவற்றில் பாடல்களும் உண்டு. மூத்தவர் மேரி ஜான்சன் அப்படி ஒரு பாடலைப் பாட முற்பட்டபோது, தனக்கு இசை ஏறாத காது என்று சொல்லி நீதிபதி தடுக்கப் பார்த்தார். மேரி பாடினார். 1991இல் வந்த தீர்ப்பு அந்த வாய்மொழி வரலாறுகளுக்குத் தனிச் சான்றாக மதிப்புத் தரவில்லை. 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்தோடு சமமாக நிறுத்த வேண்டும் என்றது. கீழமை நீதிமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்காமல் மேல்முறையீட்டுத் தீர்ப்பின் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தாண்டால், அது வெறும் சாட்சிய விதியாகிவிடும். ஒரு பெண் பாட்டைச் சொத்துப் பத்திரமாக முன்வைத்தது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நியம்கிரியிலும் இதே கவனம் தேவை. ஒடிசாவின் அந்த மலையில் பாக்சைட் வெட்டுவதா என்பதைக் கிராம சபைகள் கூடிப் பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஜூலை, ஆகஸ்டில் 12 கிராம சபைகள் கூடின. மலையை நியமராஜாவாக வணங்கும் டோங்ரியா கோண்டுகளும் பிறரும் பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி வேறு: அந்த 12 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? மாநில அரசு. மலையைச் சுற்றிலும் இருந்த மற்ற ஊர்கள் கேட்கப்படவில்லை. கூட்டாட்சி இங்கே அரசமைப்பு உறுப்பில் இல்லை, ஒரு பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. நடைமுறை பற்றிய பத்திகளைச் சலிப்பில்லாமல் படித்தால்தான் அது அகப்படும்.

சொற்களும் திருப்பிக் கொடுத்தலும்

2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற பழங்குடி உரிமைப் பிரகடனத்தின் மூன்றாவது, நான்காவது, நாற்பத்தாறாவது உறுப்புகளைச் சேர்த்துப் படியுங்கள். சுயநிர்ணயம், தன்னாட்சி, நாட்டின் எல்லைக்குப் பாதுகாப்பு. மூன்றாவதை மட்டும் படித்தவர்கள் பிரிவினை என்று அஞ்சுவார்கள். இந்தியா ஆதரித்து வாக்களித்தது. கூடவே, சுயநிர்ணயம் அந்நிய ஆதிக்கத்தில் உள்ள மக்களுக்கே பொருந்தும் என்றும் சொல்லிவைத்தது. ஆகவே ‘பழங்குடி’, ‘தொல்குடி’, ‘ஆதிவாசி’, ‘பட்டியல் பழங்குடி’ ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போட்டு எழுத முடியாது. கடைசிச் சொல் அரசின் பட்டியல். முந்தையவை ஒரு வரலாற்றைச் சொல்பவை. எதை, ஏன் பயன்படுத்துகிறீர்கள் என்று முதல் இயலிலேயே எழுதிவிடுங்கள். அந்த மக்கள் தங்களை அழைக்கும் பெயர் இருந்தால் அதுவே முதலில் வர வேண்டும்.

களத்துக்குப் போவதாக இருந்தால், கேள்வித்தாளுக்கு முன் அனுமதி. கனடாவின் முதல் குடிகள் ஆய்வாளர்களுக்கு நான்கு வரையறைகள் வைத்திருக்கிறார்கள்: தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் சமூகத்துக்கே. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களுக்கென ஆய்வு நெறிமுறை வெளியிட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கும் முன் இவற்றைப் படித்திருக்க வேண்டும்.

வரைவு முடிந்ததும், அச்சுக்குப் போகும் முன், யாருடைய சொற்களை எடுத்தாண்டீர்களோ அவர்களிடம் அந்தப் பக்கங்களை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். நான் முதன்முறை அப்படிச் செய்தபோது ஒரு பத்தியை முழுவதும் எடுக்கச் சொன்னார்கள். என் வாதத்துக்கு முதுகெலும்பு என்று நான் நினைத்திருந்த பத்தி அது. எடுத்துவிட்டேன், வாதத்தைத் திரும்பக் கட்ட நான்கு மாதம் ஆனது. உங்கள் கால அட்டவணையில் அந்த நான்கு மாதத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.