மழை வாசனையிலிருந்து ஆன்டிபயாடிக் வரை: மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிடிப்பது எப்படி?

முதல் தூறலில் மண்ணிலிருந்து கிளம்பும் வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. அதைத் தயாரிப்பவர்களில் முக்கியமான ஆள் ஸ்ட்ரெப்டோமைசிஸ், நூல் நூலாக வளரும் ஒரு பாக்டீரியா. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் எல்லாம் இந்த இனம் தந்த மருந்துகள். இதைப் பிடித்து, ஆன்டிபயாடிக் செய்கிறதா என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை.

கல்லூரி லேபில் முதல்முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் வேண்டாம். மண்ணில் என்னென்ன கிருமி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி) இல்லாத இடத்தில் இதில் கை வைக்கவே கூடாது.

படி 1: மண்

மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, செடியின் வேரோரம் ஒரு பிடி எடுங்கள். காகிதத்தில் பரப்பி நான்கைந்து நாள் நிழலில் காயவிடுங்கள். காயும்போது மற்ற பாக்டீரியாக்களில் நிறைய செத்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸின் வித்துகள் தாக்குப்பிடிக்கும்.

எந்த இடத்து மண் என்று கவலைப்பட வேண்டாம். 1948-இல் வெளிவந்த ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செய்யும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக வயல் மண்ணில் கிடைத்தது. கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர். அவர் வேலை பார்த்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புழுக்கொல்லி மருந்தான ஐவர்மெக்டினுக்கு மூலமான பாக்டீரியா ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து வந்தது.

படி 2: டைல்யூஷன் (நீர்க்கச் செய்தல்)

1 கிராம் மண்ணை 9 மில்லி ஸ்டெரைல் சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீர்) கலக்குங்கள். அதிலிருந்து 1 மில்லி எடுத்து அடுத்த 9 மில்லியில் விடுங்கள். இப்படியே ஆறு குழாய். கடைசி மூன்றிலிருந்து 0.1 மில்லி எடுத்துப் பிளேட்டில் பரப்பினால் போதும்.

படி 3: மீடியம் (கிருமிக்கான சாப்பாடு)

நான் சறுக்கிய இடம் இது. முதல்முறை, கையில் இருந்த நியூட்ரியன்ட் அகரிலேயே (சத்து கலந்த ஜெல்லி) போட்டேன். மறுநாள் காலை பிளேட் முழுக்கக் கஞ்சி கொட்டியதுபோல் பேசில்லஸ் என்ற வேறொரு பாக்டீரியா. ஸ்ட்ரெப்டோமைசிஸ் தலைகாட்டவே இடமில்லை. சத்தான சாப்பாடு போட்டால் வேகமாக வளர்பவன்தான் ஜெயிப்பான்.

அதனால் ஸ்டார்ச் கேசின் அகர். மாவுச்சத்தையும் கேசின் என்ற பால் புரதத்தையும் உடைத்துத் தின்னப் பொறுமை வேண்டும். அது இவனிடம் உண்டு. பூஞ்சை வராமலிருக்க சைக்ளோஹெக்ஸிமைடு சேர்ப்பார்கள். அது விஷம், லேப் பொறுப்பாளரே கையாளட்டும். வேடிக்கை என்னவென்றால், அதுவும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் செய்த சரக்குதான்.

படி 4: காத்திருப்பு

28 டிகிரி செல்சியஸ், 7 முதல் 14 நாள். மூன்றாம் நாள் குண்டூசித் தலை அளவில் காலனி தெரிந்ததும் அவசரப்படாதீர்கள். ஒரு வாரத்தில் அதன் மேல் விபூதி தூவியதுபோல் வெள்ளையோ சாம்பல் நிறமோ படரும். லூப்பால் (கிருமி எடுக்கும் கம்பி வளையம்) தொட்டால் மற்ற பாக்டீரியா போல வழுக்கிக்கொண்டு வராது. அகரைக் கவ்விக்கொண்டிருக்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். மூக்கை வைத்து முகர வேண்டாம். இன்குபேட்டர் கதவைத் திறந்தாலே மழை வாசனை வந்துவிடும்.

ஏன் இத்தனை நாள்? பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்; இவனுக்குப் பசி வந்தால்தான் வேலையே ஆரம்பம். சாப்பாடு இருக்கும்வரை நூல்கள் அகருக்குள் இறங்கி வளரும். தீர்ந்ததும் பழைய நூல்கள் கரைந்து, அந்தச் சத்தில் புதிய நூல்கள் மேலே எழும்பி வித்து கட்டும். கசியும் சத்தை அக்கம்பக்கத்துக் கிருமிகள் தின்றுவிடாமல் காக்கவே அந்த நேரத்தில் ஆன்டிபயாடிக் என்பது பரவலான விளக்கம்.

தான் செய்த விஷத்தில் தானே சாகாதா? ஸ்ட்ரெப்டோமைசின் விஷயத்தில் ஏற்பாடு அழகானது. செல்லுக்குள் அந்த மூலக்கூறில் ஒரு பாஸ்பேட் ஒட்டியிருக்கும், உறையில் போட்ட கத்தி மாதிரி. வெளியே போனபிறகுதான் உறை கழலும்.

பென்சிலின் பூஞ்சையும் இதே குணம். குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் உற்பத்தி படுத்துவிடும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில், மெதுவாகச் செரிக்கும் லாக்டோஸையும் மக்காச்சோளம் ஊறிய சாற்றையும் கொடுத்துத்தான் விளைச்சலைக் கூட்டினார்கள்.

படி 5: மோதவிடுதல்

தனியாகப் பிரித்த காலனியைப் புது பிளேட்டின் நடுவில் ஒரே கோடாக இழுத்து, மறுபடி ஒரு வாரம் வையுங்கள். பிறகு பேசில்லஸ் சப்டிலிஸை ஓரத்திலிருந்து அந்தக் கோட்டை நோக்கிக் குறுக்காக இழுங்கள். மறுநாள் பாருங்கள். கோட்டை நெருங்கும் முன்பே வளர்ச்சி நின்றிருந்தால் அது ஆன்டிபயாடிக்கின் அறிகுறி; இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள்.

இடைவெளி வரவில்லையா? மீடியத்தை மாற்றிப் பாருங்கள். 2002-இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற வகையின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, இத்தகைய பொருள்களைச் செய்யும் மரபணுக் கூட்டங்கள் 20-க்கும் மேல் இருந்தன. அதுவரை லேபில் கண்ணில் பட்டவை கொஞ்சமே.

வந்தால் துள்ளவும் வேண்டாம். முன்பே தெரிந்த பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிருமியைக் கொல்வது நம்மையும் கொல்லலாம்: 1940-இல் மண் நுண்ணுயிரியலாளர் வாக்ஸ்மனின் குழு கண்ட ஆக்டினோமைசின் ஆன்டிபயாடிக்காகக் கொடுக்க முடியாத அளவு நச்சு, பின்னால் புற்றுநோய் மருந்தானது.

பிளேட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பையில் போடுங்கள். அதற்கு முன் நல்ல காலனியை 20 சதவீத கிளிசராலில் எடுத்து, மண் எடுத்த இடமும் தேதியும் எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மார்க்கர் வேண்டாம், ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். பென்சிலில் எழுதி டேப் ஒட்டுங்கள்.