சித்தா, ஆயுர்வேத மருத்துவமனையில் சேரும் முன்: இன்சூரன்ஸ் பணம் கைக்கு வர என்ன செய்யணும்?

2024 ஏப்ரல் 1 முதல் ஆயுஷ் சிகிச்சையையும் (சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி போன்றவை) மற்ற சிகிச்சைக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டுவிட்டது. அதற்கு முன்பு பல பாலிசிகளில் ஆயுஷுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன வரம்பு வைத்திருந்தார்கள். உங்களிடம் இருப்பது பழைய பாலிசித் தாள் என்றால், இப்போதைய வரம்பு என்ன என்று கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், போனில் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அடுத்து மருத்துவமனை. அரசு ஆயுஷ் மருத்துவமனையும் அங்கீகாரம் பெற்ற ஆயுஷ் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையும் கணக்கில் வரும். தனியார் என்றால் முறையான பதிவு, குறைந்தது 5 படுக்கை, 24 மணி நேரமும் பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர், சிகிச்சைக்கென்று தனி அறை, தினசரிப் பதிவேடு எல்லாம் இருக்க வேண்டும். மூன்று கட்டில் போட்டுத் தலைமுறையாக நல்ல வைத்தியம் பார்க்கிறவர்கள் இதனால் வெளியே நிற்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

சரி, நிறையக் கிளெய்ம் மாட்டிக்கொள்ளும் இடம் கேஸ் ஷீட், அதாவது உங்கள் சிகிச்சையை மருத்துவமனை எழுதி வைக்கும் தாள். குடல்வால் ஆபரேஷனுக்கு ஏன் அட்மிட் ஆனீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் முதுகுவலிக்குப் பதினான்கு நாள் பிழிச்சலும் (உடம்பில் சூடான எண்ணெய் பிழிந்து ஊற்றுவது) கிழியும் (மருந்து மூட்டையால் ஒத்தடம்) என்றால் ‘வீட்டிலிருந்து வந்துபோய்ப் பார்த்திருக்கலாமே’ என்பார்கள். அதற்குப் பதில் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்: நோய் என்ன, சேரும் அன்று எத்தனை அடி நடக்க முடிந்தது, ஏன் படுக்க வைத்தார்கள், ஒவ்வொரு நாளும் என்ன சிகிச்சை, என்ன மருந்து, வலி எவ்வளவு குறைந்தது. என் சித்திக்கு ஒரு மருத்துவமனையில் ‘14 நாள் பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் பில் கொடுத்து கிளெய்ம் திரும்பி வந்தது, அப்புறம் டாக்டரிடம் நாள்வாரியாக விவரம் வாங்கி அனுப்பிய பிறகுதான் ஒரு பகுதியாவது கிடைத்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘புத்துணர்ச்சி சிகிச்சை’ போன்ற வார்த்தை இருந்தால் ஏன் என்று கேளுங்கள், ஸ்பாவும் ஓய்வுக்காகச் சேர்வதும் பாலிசியில் விலக்கப்பட்டவை.

நெட்வொர்க் மருத்துவமனை (உங்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளது) என்றால் கேஷ்லெஸ் கேளுங்கள், கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டிவிடும். ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி கம்பெனி ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் முடித்துத் தர வேண்டும்.

மறுத்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், சென்னையில் அலுவலகம் இருக்கிறது, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது. அங்கே காட்டவும் அதே கேஸ் ஷீட்தான் வேண்டும், அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அதன் நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.