ஷட்டில் கோர்ட்டும் கல்லாப் பெட்டியும்: சிறு வியாபாரிக்கு 12 வாரப் பயிற்சி

கடையில் செய்த தவறின் விலை பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் தெரியும். சில தவறுகள் வருஷக் கணக்கு முடிக்கும்போதுதான் தலைகாட்டும். ஷட்டில் கோர்ட்டில் அப்படியில்லை. அடி தப்பினால் மூன்று நொடியில் எதிராளிக்கு ஒரு புள்ளி. நாற்பது வயதில் புதிதாக விளையாடப் போவதால் உடம்புக்குக் கிடைக்கும் நன்மை ஒருபக்கம் இருக்கட்டும். தப்பை உடனே பார்த்து, எண்ணி, திருத்தும் பழக்கம் அங்கே மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கடைக்குக் கொண்டுவரும் வழி இது.

ஷட்டிலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இன்று சின்ன ஊர்களில்கூட மணி வாடகைக்கு உள்ளரங்கக் கோர்ட் கிடைக்கிறது, ஒரு மணி நேரம் போதும் என்பதுதான். கடைக்கு உதாரணமாக இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் மளிகைக் கடையை வைத்துக்கொள்வோம். தையல் கடை, மெஸ், மொபைல் சர்வீஸ் நடத்துபவர்கள் அவரவர் தொழிலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: ஒரு மணி நேரம் கடையை விட்டு வெளியே வாருங்கள் (வாரம் 1)

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். கூட்ட நேரம் வேண்டாம். பால், காய்கறி விற்பவர்கள் காலையைத் தவிர்த்து மதியம் 3 மணி அல்லது இரவு 9 மணியைப் பார்க்கலாம். ஆனால் மூன்றில் ஒரு நாளாவது கடை திறந்திருக்கும் நேரமாக இருக்கட்டும். போன் பைக்குள் போகட்டும்.

ஆட்டம் முடிந்ததும் யார் கூப்பிட்டார்கள், எதற்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "சேல்ஸ்மேன் வந்திருக்கார், ஆர்டர் கொடுக்கலாமா?", "ஐநூறுக்குச் சில்லறை இல்லை", "அந்த அண்ணன் கடன் கேக்குறார், தரலாமா?" இப்படித்தான் வரும். இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்வி சேரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில் எழுதி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: "300 ரூபாய் வரை கடன், பழைய பாக்கி இல்லாதவருக்கு மட்டும்." கடையின் விதிமுறை என்று தனியாக உட்கார்ந்து எழுதினால் பாதிக்குமேல் யாருக்கும் தேவைப்படாத விதிகளாக இருக்கும். நீங்கள் இல்லாதபோது எழுந்த கேள்விகளிலிருந்து வந்தால் ஒவ்வொன்றும் உதவும்.

படி 2: வாங்க வேண்டியது, வாங்கக் கூடாதது

முதல் செலவு ஷூ. அடிப்பாகம் ரப்பராக உள்ள, தரையில் கறை படியாத உள்ளரங்க ஷூ வாங்குங்கள். ஓட்டப் பயிற்சி ஷூவின் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். பக்கவாட்டில் சட்டென்று நிற்கும்போது கணுக்கால் மடங்கிவிடும். அடுத்தது ராக்கெட். '4யூ' என்று குறித்திருக்கும் 80 முதல் 84 கிராம் வரை உள்ளது போதும். நரம்பு கட்டுவதைக் கடையில் 'கட்டிங்' (gutting) என்பார்கள். 20 முதல் 22 பவுண்டு இழுப்பு கேளுங்கள். டிவியில் பார்த்துவிட்டு 28 பவுண்டு கேட்பவர்கள் உண்டு. இழுப்பு கூடக் கூட நரம்பின் நடுவில் சரியாகப் படும் அடிதான் பறக்கும், மற்றதெல்லாம் முழங்கைக்கு வலியாகத் திரும்பும்.

பந்து, நைலான் ஷட்டில். அதன் அடியிலுள்ள வளையம் பச்சையானால் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெப்பக் காற்றில் ஷட்டில் தூரம் போகும் என்பதால் நம் ஊருக்குப் பச்சையைப் பாருங்கள். அது குறைவாகப் போனால் நீலம். 16 இறகு வைத்த இறகு ஷட்டில் இப்போது வேண்டாம். ஓரத்தில் அடித்தால் இறகு ஒடியும், புதியவர்கள் ஓரத்தில்தான் அடிப்பார்கள்.

வருஷ மெம்பர்ஷிப் கட்டாதீர்கள். முதல் மாதம் மணி வாடகை. கடைக்கு வாங்கும் டீப் ஃப்ரீசருக்கும் பில்லிங் சாஃப்ட்வேருக்கும் இதே கணக்குதான்: ஒரு மாதம் வாடகைக்கோ சோதனைக்கோ ஓட்டிப் பார்த்து, வாரத்தில் எத்தனை நாள் அதைப் பயன்படுத்தினீர்கள் என்று எண்ணிவிட்டு வாங்குங்கள்.

பிரஷர், சர்க்கரை, நெஞ்சுவலி இருந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கவும். நாள் முழுக்க நின்ற கால் நேராகக் கோர்ட்டில் குதித்தால் குதிகால் நரம்பு பிடிக்கும். பத்து நிமிஷம் மெல்ல ஓடி, தோள், கணுக்கால் சுழற்றிய பிறகே ராக்கெட்டைத் தொடுங்கள்.

படி 3: பிடி (வாரம் 1–2)

ராக்கெட்டோடு கை குலுக்குவது போலப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே 'வி' வடிவ இடைவெளி தெரியும். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற இறுக்கம். ஷட்டில் படும் நொடியில் மட்டும் இறுக்கம், உடனே தளர்வு. பெரும்பாலானவர்கள் தோசைத் திருப்பியைப் பிடிப்பது போலப் பிடிக்கிறார்கள். நேரே வரும் பந்துக்கு அது சௌகரியம். தலைக்கு மேலோ இடப்பக்கமோ வந்தால் மணிக்கட்டு திரும்பாது.

பள்ளியில் பூப்பந்து (பால் பேட்மின்டன்) ஆடியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்தக் கம்பளிப் பந்து ஷட்டிலைவிடப் பல மடங்கு எடை, முழுக் கையையும் வீசி அடித்துப் பழகியிருப்பார்கள். ஷட்டிலின் எடை ஐந்து கிராம் சுற்றிதான். அதற்கு மணிக்கட்டும் முன்கையின் சுழற்சியும் வேண்டும். மொத்த வியாபாரத்தில் பழகியவர் சில்லறைக் கடை போட்டால் மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கிவிடுவார் அல்லவா, அதே தப்புதான்.

படி 4: சர்வீஸ் (வாரம் 2–3)

ஆட்டத்தில் எதிராளியின் தலையீடு இல்லாத ஒரே அடி இது. நெட்டின் உயரம் கம்பத்தருகே 1.55 மீட்டர், நடுவில் 1.524. நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் ஷார்ட் சர்வீஸ் கோடு. ஷட்டில் நெட்டை ஒட்டித் தாண்டி, அந்தக் கோட்டைக் கடந்ததும் விழ வேண்டும். அடிக்கும் நொடியில் ஷட்டில் முழுதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி.

இறகு நுனியை இரண்டு விரலில் பிடித்து, ராக்கெட்டைப் பின்கை (பேக்ஹேண்ட்) பக்கம் வைத்து, கட்டைவிரலால் தள்ளுங்கள். வீசாதீர்கள். கோட்டுக்கு ஓரடி தள்ளி ஒரு துண்டை விரித்து, ஒவ்வொரு நாளும் 50 சர்வீஸ். 35 சரியாக விழும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

கடையில் உங்கள் சர்வீஸ் எது? ஷட்டர் ஏறும் நேரம். போர்டில் காலை 7 என்று இருந்தால், 14 நாள் உண்மையில் எத்தனை மணிக்கு ஏறியது என்று காலண்டரில் எழுதுங்கள். 7.20-க்குத் திறந்த நாளில் பால் வாங்க வந்தவர் பாலோடு சேர்த்து ரொட்டியையும் முட்டையையும் அடுத்த கடையில் வாங்கியிருப்பார்.

படி 5: நடுவுக்குத் திரும்புதல் (வாரம் 3–5)

புதியவரைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தான் அடித்த அடியை நின்று ரசிப்பார். அடுத்த பந்து மறு மூலைக்குப் போயிருக்கும். ஒற்றையர் ஆட்டத்தில் உங்கள் இடம் நடுக்கோட்டில், ஷார்ட் சர்வீஸ் கோட்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் பின்னால். ஷட்டில் இல்லாமலே பழகுங்கள்: முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு என ஆறு மூலை; ஒவ்வொரு மூலைக்கும் போய் நடுவுக்கு வர வேண்டும். 30 நொடி ஓட்டம், 30 நொடி ஓய்வு, ஆறு சுற்று.

கடைக்கும் ஒரு நடு இருக்கிறது: கல்லாவின் ஆரம்பப் பணம். தினமும் ஒரே தொகையில் கடை திறக்க வேண்டும். 3,000 ரூபாய் என்றால் இப்படி வைக்கலாம்: பத்து ரூபாய் 60, இருபது 40, ஐம்பது 16, நூறு 7, நாணயம் 100 ரூபாய்க்கு. இரவு சாத்தும்போது கல்லாவை எண்ணி 3,000-ஐத் தனியே எடுத்து வைத்துவிட்டால் மீதி அன்றைய ரொக்க வசூல். அதோடு ஜிபே வரவையும் அன்று எழுதிய கடனையும் சேர்த்தால் பில் மொத்தத்துக்கு வர வேண்டும். பழைய பாக்கி வசூல் ஆகியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வராது, முதல் வாரம் யாருக்கும் வருவதில்லை. மூன்று இடத்தில் தேடுங்கள். கல்லாவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்து, சீட்டு எழுதாதது. ஜிபேயில் வந்ததை ரொக்கம் என்று எழுதியது. முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுத்தது. மூன்றாவதுதான் பெரும்பாலும் திருடன். வீட்டுக்கு எடுத்தாலும் ஒரு சீட்டு எழுதி கல்லாவில் போடுங்கள், பத்து ரூபாயானாலும்.

படி 6: சொந்தத் தப்பை எண்ணுதல் (வாரம் 5–7)

இந்தப் படிக்காகத்தான் மற்ற படிகள் எல்லாம். தோற்ற ஆட்டத்தில் எதிராளி பிரமாதமாக ஆடினார் என்று தோன்றும். ஓரமாக நிற்கும் நண்பரிடம் நோட்டைக் கொடுத்து, நீங்கள் இழக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எழுத்து போடச் சொல்லுங்கள்: நெ (நெட்டில் அடித்தது), வெ (வெளியே போனது), ச (சர்வீஸ் தப்பு), வி (தொடாமல் விட்டது), எ (எதிராளியின் நல்ல அடி).

12–21 என்று தோற்ற ஆட்டத்தின் தாள் இப்படி இருக்கலாம்: நெ 6, வெ 4, ச 3, வி 3, எ 5. எதிராளி சம்பாதித்தது ஐந்து, மீதி பதினாறும் நீங்கள் கொடுத்தது. அடுத்த வாரம் முழுக்க 'நெ' மட்டும். ஐந்தையும் ஒரே வாரத்தில் திருத்தப் போனால் கை கட்டிப்போகும்.

கடையில் அதே தாள், 14 நாள்: கா (காலாவதி), உ (உடைந்தது, சிந்தியது, எலி கடித்தது), பி (பில் தப்பு), இ (கேட்ட சரக்கு இல்லை), எ (எழுதாத கடன்), போ (போட்டிக் கடையின் விலையால் போனது). பக்கத்தில் ரூபாய் மதிப்பு. எட்டு சதவீத லாபத்தில் ஓடும் கடையில் 400 ரூபாய் தயிர் பாக்கெட் காலாவதியானால், அதை ஈடுகட்ட 5,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். இந்த ஒரு கணக்கைக் கடைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தால் பழைய பாக்கெட்டை முன்னால் எடுத்து வைக்கத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

இந்தத் தாளை வைத்து வேலையாட்களைத் திட்டினால் மூன்றாம் நாளிலிருந்து தாள் சுத்தமாக இருக்கும், கடை அப்படியே இருக்கும். முதல் வரி முதலாளியின் தப்பாக இருக்கட்டும்.

படி 7: ஸ்மாஷைத் தள்ளிப் போடுங்கள் (வாரம் 7–8)

எல்லோருக்கும் ஸ்மாஷ், அதாவது மேலிருந்து கீழே ஓங்கி அடிக்கும் அடி, மேல் ஆசை. பின்கோட்டிலிருந்து அடித்தால் ஒன்று நெட், இல்லாவிட்டால் உடம்பு முன்னால் சாய்ந்து நடுவுக்குத் திரும்ப முடியாது. முதலில் கிளியர்: தலைக்கு மேலே, சற்று முன்னால் ஷட்டிலைச் சந்தித்து, எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு முன் உள்ள 76 சென்டிமீட்டர் பட்டையில் விழ வைப்பது. பத்தில் ஆறு அங்கே விழுந்த பிறகு, கோர்ட்டின் முன்பாதியில் உயரமாக வந்த பந்தை மட்டும் ஸ்மாஷ் அடியுங்கள்.

தள்ளுபடி கடையின் ஸ்மாஷ். 80-க்கு வாங்கி 100-க்கு விற்பதில் 20 ரூபாய் நிற்கிறது. 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் நிற்பது 10. அதே லாபம் வர இரண்டு மடங்கு சரக்கு விற்க வேண்டும். அதைத் தூக்க, கட்ட, பில் போட ஆள் வேண்டும். காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும் சரக்கு, கம்பெனியே ஸ்கீம் கொடுத்த சரக்கு: இவை முன்பாதியில் உயரமாக வந்த பந்து, தாராளமாக அடிக்கலாம்.

படி 8: டபுள்ஸ் (வாரம் 8–10)

இருவர் ஆடும்போது நிற்பது இரண்டு விதம். நாம் தாக்கும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். நாம் பந்தை உயரத் தூக்கிக் கொடுத்துவிட்டால் உடனே பக்கத்தில் பக்கத்தில். நடுவில் வரும் பந்து யாருக்கு? இருவரும் வலது கைக்காரர்கள் என்றால், இடப்பக்கம் நிற்பவருக்கு. அவருக்குத்தான் அது முன்கை (ஃபோர்ஹேண்ட்) பக்கம். ஆட்டத்துக்கு முன்பே இதைப் பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டு ராக்கெட்டும் மோதும், அல்லது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க ஷட்டில் நடுவில் விழும்.

கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் நடத்தும் கடைகளில் நடுவில் விழும் ஷட்டில்கள் ஏராளம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஆர்டரை இருவரும் சொல்லிவிடுவார்கள், அல்லது இருவருமே சொல்லமாட்டார்கள். மாலை 6 முதல் 8.30 வரை முன்-பின் நிலை: ஒருவர் பில், ஒருவர் சரக்கு எடுப்பது, இடம் மாறக்கூடாது. மதியம் பக்கத்தில்-பக்கத்தில்: அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பு ஒருவருக்கு, பால், பாக்கெட், சோப்பு இன்னொருவருக்கு. கோர்ட்டில் "மைன்" என்று கத்துவது போல, ஆர்டர் சொன்னவர் அன்றைய தாளில் ஒரு டிக் போடட்டும்.

படி 9: 11-இல் நில்லுங்கள்

21 புள்ளி ஆட்டத்தில் ஒரு பக்கம் 11 தொட்டதும் 60 நொடி இடைவேளை. தண்ணீர் குடிக்க மட்டுமல்ல, எங்கே அடி வாங்குகிறோம் என்று பார்க்க. மாதத்தில் 15-ஆம் தேதியை அப்படி வைத்துக்கொண்டு மூன்று எண் எழுதுங்கள்: இதுவரை கொள்முதல், வெளியே நிற்கும் கடன், ஜி.எஸ்.டி.-க்கு ஒதுக்கிய பணம். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு 20-ஆம் தேதி. தாண்டினால் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. ஐந்து நாள் முன்னால் பார்த்தால் புரட்ட நேரம் இருக்கும்.

படி 10: ஷட்டில் காசு (வாரம் 10–12)

நான்கு பேர் ஆடினால் யாரோ ஒருவர் ஷட்டில் டப்பா வாங்கி வருவார், மற்றவர்கள் "அப்புறம் தரேன்" என்பார்கள். அந்த ஒருவராக நீங்களே இருங்கள். நோட்டில் தேதி, டப்பா விலை, நான்கில் ஒரு பங்கு, கொடுத்தவர் பெயர். மாதத்தின் 5-ஆம் தேதி, ஆட்டம் தொடங்கும் முன் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கேட்கும் விதத்தைப் பழகத்தான் இந்தப் படி. "ஏதாவது பார்த்துக் குடுங்கண்ணே" என்று இழுத்தால் வராது. தொகை, நாள், வழி மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். கோர்ட்டில் இரண்டு மாதம் கூச்சமில்லாமல் வந்துவிட்டால் கடைக் கடன் நோட்டைத் திறந்து, பெரிய பாக்கியை விட்டுவிட்டு, 200, 300 ரூபாய் நிற்கும் பத்துப் பெயரிலிருந்து தொடங்குங்கள்: "அண்ணே, போன மாசம் 240 ரூபாய் நிக்குது. இன்னைக்கு ரொக்கமா, ஜிபேயா?"