அறுபதுக்குப் பிறகு அரூப ஓவியம்: முதல் சில தாள்கள்

வண்ணம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் தெருவில் சுவரொட்டிகள் கிழிந்து தொங்கும் மதில் சுவர் ஒன்றின் எதிரே பத்து நிமிடம் நில்லுங்கள். எங்கள் தெருச் சுவரில், பழைய சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் எப்போதோ பூசிய பச்சை தெரிகிறது. அதன் மேல் காய்ந்த பசையின் பழுப்பு, அதற்கும் மேல் யாரோ ஒரு நடிகரின் பாதிக் காதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தாள், ஓரத்தில் இரும்புக் கொக்கியிலிருந்து மழைநீரோடு வழிந்த துருக்கோடு. இவை அனைத்தையும் அப்படியே வரைவது அரூப ஓவியம், அதாவது பொருள்களின் உருவத்தை நகலெடுக்காமல் வண்ணத்தாலும் வடிவத்தாலும் மட்டும் தீட்டும் ஓவியம், அன்று. உங்களைப் பிடித்து நிறுத்திய ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதே அதன் தொடக்கம். எதை விடலாம் என்று முடிவெடுப்பதில், முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்தவருக்கு இருபது வயதுக்காரரைவிடப் பழக்கம் அதிகம் என்பது என் எண்ணம்.

வயதை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியையாக இருந்த அல்மா தாமஸ், 1960இல் ஓய்வு பெற்ற பிறகுதான் இன்று அவருக்குப் பெயர் சொல்லும் அரூப ஓவியங்களைத் தீட்டினார். நம் ஊரில் கே.சி.எஸ். பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையைத் தொடங்கியது ஐம்பது வயதைக் கடந்த பின்னர்தான். அவர் தேர்ந்த ஓவியர் என்றாலும், அந்த வயதில் பழகிய பாணியை விட்டு வெளியேறியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பொருள்களுக்கு வருவோம். அடுக்குமாடி வீட்டில் எண்ணெய் வண்ணமும் டர்பன்டைன் வாசனையும் சண்டையில் முடியும், நீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணம் போதும். எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் என்னும் அடர் பழுப்பு, பெரிய குழாயாக ஒரு வெள்ளை ஆகியவற்றை வாங்குங்கள். கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் கறுப்பை நெருங்கும் ஆழமான கருமை கிடைக்கும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாள், ஒன்றரை அங்குலத் தட்டைத் தூரிகை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பட்டி பார்க்கும் தகடு ஆகியவை போதும். கேன்வாஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்ணில் புரை இருந்தால் நீலம் மங்கி, எல்லாமே மஞ்சளாகத் தெரியும் என்பதால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டதும் இந்தத் தொல்லையால்தான்.

முதல் நாள், தாளின் நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் மேசையில் ஒட்டி, ஏதேனும் ஒரு வண்ணத்தை மோர் போல நீர்க்கக் கரைத்து முழுத் தாளிலும் பூசுங்கள். நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை வீசிப் பூசினால் விரல் நடுக்கம் பெரிதாகத் தெரியாது. அது நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது வண்ணம். நான் அவசரப்பட்டு ஈர மஞ்சளின் மேல் நீலத்தையும் அதன் மேல் சிவப்பையும் இழுத்து, ஒரு மாதம் வரை சேற்று நிறத்தைத் தவிர வேறெதையும் உண்டாக்கவில்லை. இரண்டாவது வண்ணத்தைத் தயிர் போலக் கெட்டியாக, தாளின் பெரும்பகுதியில் பூசி, ஈரம் இருக்கும்போதே தகட்டால் அங்கங்கே வழித்தெடுங்கள். கீழே உள்ள வண்ணம் சுவரின் பழைய பச்சையைப் போல எட்டிப் பார்க்கும். மூன்றாவது வண்ணம் கையளவு இடத்தில் மட்டும்.

சென்னை வெயிலில் தட்டிலுள்ள அக்ரிலிக் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்கே தொடங்குங்கள். தட்டில் நனைத்த துணியை விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு வண்ணத்தை வையுங்கள். காய்ந்தால் நிறம் சற்றுக் கறுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஓவியம் முடிந்ததா என்பதுதான் கடினமான கேள்வி. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து ‘ட’ வடிவில் இரண்டு துண்டுகள் வெட்டி, அவற்றை எதிரெதிராக வைத்துச் சட்டம் போல ஆக்கிக்கொண்டு, தாளின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். முழுத் தாளும் குழப்பமாக இருக்கும்போது, ஓர் உள்ளங்கையளவு இடம் மட்டும் திடீரென்று நிமிர்ந்து நிற்கும். அதைப் பென்சிலால் குறித்துவைத்து, அடுத்த தாளில் பெரிதாக்கிப் பாருங்கள்; எனக்கு ஐந்தாவது தாளில்தான் அப்படி ஒன்று அகப்பட்டது. பிறகு தாளை நான்கு பக்கமும் திருப்பி, பத்தடி தள்ளி நின்று பார்த்து, கண் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டால் அந்த இடத்தை அடுத்துள்ள வண்ணத்தால் தணியுங்கள்.

மாதம் ஒருமுறையாவது, 1966இல் பணிக்கரும் மாணவர்களும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய், ஒரே ஓவியத்தின் முன் நின்று, எந்த வண்ணம் அடியில் இருக்கிறது, எது மேலே வந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பத்து ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருவதைவிட இது பயன் தரும்.

முடித்த தாள்களின் பின்புறம் தேதி எழுதி, இடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். அக்ரிலிக் காய்ந்தாலும் அழுத்தத்திலும் புழுக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு கார்த்திகை மழையில் கட்டிலுக்கடியில் வைத்திருந்த என் தாள்கள் இரண்டு முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டன. பிரித்தெடுத்தபோது ஒன்றின் நீலம் பாதி மற்றதோடு போய்விட்டது. போன இடத்தில் தெருச் சுவரில் பார்த்ததைப் போன்ற கிழிசல் ஓரம் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.